பையைப் பார்த்துக்கொண்டவள் பார்த்தது

அமெரிக்காவில் ஒருவரின் எடையை யாரும் கேட்பதில்லை. எங்கள் தாராபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு வாசல் போய்ச் சேர்வதற்குள் நாலு பேராவது "என்ன சுமதி, இப்படி ஊதிட்டே" என்றோ, "என்ன இப்படி எளைச்சுட்டே" என்றோ விசாரித்துவிடுவார்கள். இரண்டையும் ஒரே தெருவில் ஒரே நாளில் கேட்டிருக்கிறேன். இங்கே கலிஃபோர்னியாவின் டப்ளினில், இத்தனை வருடமாக அடுத்த வீட்டில் இருப்பவர்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனால் பாருங்கள், ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் அதை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். உயரம், கண்ணின் நிறம், முடியின் நிறம், அப்புறம் எடை. உரிமம் எடுக்கப் போன அன்று எடை பார்க்கும் மெஷின் எங்கே இருக்கிறது என்று சுற்றுமுற்றும் தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை. நாம் எழுதிக் கொடுப்பதுதான் எடை. கவுன்ட்டரில் இருந்த பெண்மணி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரேஷன் கார்டில் ஓர் எழுத்தை மாற்ற மூன்று அலுவலகம் அலைந்து வந்தவளுக்கு, அரசாங்கம் நம் வாய்வார்த்தையை நம்பி எழுதிக்கொள்வது அன்றைக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பவுண்ட் என்று எழுதினேன், நம்மூர்க் கணக்கில் ஐம்பத்தோரு கிலோ. அன்றைக்கு அது உண்மைதான், ஏறக்குறைய.

அந்த உரிமம் பல முறை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. போட்டோ மாறியது, முகவரி மூன்று தடவை மாறியது. எடை மட்டும் மாறவே இல்லை. அந்தப் பழைய எண்தான், போன பிப்ரவரியில் ஒரு பாலைவன ஊரின் சின்ன விமானத் தளத்தில் எங்கள் குடும்பத்தை நிறுத்தி வைத்து வேடிக்கை பார்த்தது.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். நான் மென்பொருள் சோதனை செய்பவள். மற்றவர்கள் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. வீட்டில் எனக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. பை பார்த்துக்கொள்வது. மலைப்பாதை, படகு, ராட்டினம், எதுவுமே எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் சங்ககிரி மலைக்கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். மலை ஏறுவதற்கு முன்னாலேயே, பஸ்ஸிலேயே, என் பாவாடையையும் பக்கத்துச் சீட்டுக்காரியின் பாவாடையையும் நாசம் பண்ணிவிட்டேன். டீச்சர் என்னைப் புளியமரத்தடியில் உட்காரவைத்து, நாற்பது பேரின் சோற்றுப் பைகளையும் என் முன்னால் குவித்துவிட்டு, "நீ இதைப் பாத்துக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு மேலே போனார். சாயங்காலம் இறங்கி வந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். மேலேயிருந்து பார்த்தால் லாரியெல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்குது. நான் ஒரு பையும் காணாமல் போகவில்லை என்று சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அதுவே பழகிவிட்டது. கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் உத்தியோகம் தொடர்ந்தது. நயாகராவில் என் கணவர் குமாரும் மகள் யாழினியும் நீல பிளாஸ்டிக் உறையைப் போட்டுக்கொண்டு படகில் போனார்கள். நான் கரையில் மூன்று பைகளோடு நின்றேன். கிராண்ட் கேன்யனில் இருவரும் ஹெலிகாப்டரில் சுற்றினார்கள். நான் காத்திருப்பு அறையில் பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு பைகளுக்குத் துணையிருந்தேன். இந்தியாவிலிருந்து விமானத்தில்தானே வந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். நடைபாதை ஓரச் சீட், ஒரு மாத்திரை, மூடிய கண். துபாய் எப்போது வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. பறந்ததாக அதைக் கணக்கில் சேர்க்க என் மனசு ஒப்பவில்லை.

இந்த மாதிரி இருந்தவளுக்கு ஐம்பது வயது நெருங்கியபோது ஓர் ஆசை வந்தது. கார் டயர் மாற்றப் போன கடையில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் பாலைவனத்தின் நடுவே, கைகளை அகல விரித்துக்கொண்டு ஒரு மனிதன் படுத்திருந்தான். மனிதன் என்றால் கோட்டுருவம். தரையில் கீறிய உருவம். ஒரு கிரிக்கெட் மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு இருப்பான் போலிருந்தது. வீட்டுக்கு வந்து தேடினேன். நம் கலிஃபோர்னியாவிலேயே, அரிசோனா எல்லையில், கொலராடோ ஆற்றுப் பக்கம் ப்ளைத் என்ற ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே நிலம் முழுக்கக் கருத்த சின்னக் கற்கள் பரவிக் கிடக்கின்றன. அவற்றை ஒதுக்கினால் கீழே வெளிர் மண். ஒதுக்கி ஒதுக்கியே மனிதனையும் மிருகத்தையும் வரைந்திருக்கிறார்கள். ஆயிரம் வருடம் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம், ஆராய்ச்சி செய்தவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அந்த ஆற்றங்கரையின் மொஹாவே, கெச்சான் மக்களுக்கு அது இன்றைக்கும் சாமி இருக்கும் இடம்.

யாழினி கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இந்தப் படத்தைக் காட்டியபோது அவள்தான் சொன்னாள். "அம்மா, தே நெவர் சா இட். வரைஞ்சவங்க." கடைசி வார்த்தை மட்டும் தமிழில் வந்தது. எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. தரையில் நின்றுகொண்டு, குனிந்து, ஒவ்வொரு கல்லாக ஒதுக்கி, தாங்கள் ஒரு நாளும் முழுசாகப் பார்க்க முடியாத ஒன்றைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டும், மேலேயிருந்துதான் பார்க்க வேண்டும், அதுவும் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. மாத்திரை போட்டால் தூங்கிவிடுவேன், ஆகவே மாத்திரை கிடையாது என்றும் முடிவு செய்துகொண்டேன்.

"பொறந்த நாளுக்கு என்ன வேணும்?" என்று குமார் கேட்டார்.

"ஒரு சின்ன ப்ளேன்ல போகணுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் லேப்டாப்பைத் திறந்தார்.

நல்ல மனுஷன்தான். அதைச் சொல்லாமல் மேலே போனால் பாவம். ப்ளைத்தில் ஒரு பெண் விமானி நான்கு பேர் உட்காரும் விமானத்தில் சுற்றிக் காட்டுவதைக் கண்டுபிடித்து, பதிவு செய்து, படிவத்தை நிரப்பியதும் அவர்தான். அந்தப் படிவத்தில் ஒவ்வொருவரின் எடையையும் கேட்டிருந்தார்கள். இந்த இடத்தில், கிரீன் கார்டுக்காகப் பத்துப் பன்னிரண்டு வருடம் வரிசையில் நின்ற தமிழர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் வாசகர்களுக்குச் சொல்கிறேன். ஒரு படிவத்தில் எழுதியது அடுத்த படிவத்திலும் அப்படியே இருக்க வேண்டும். அப்பா பெயர் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வந்தால் போதும், விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிடும், அதோடு ஆறு மாதத் தூக்கம் போய்விடும். எங்கள் வீட்டில் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. குமார் எந்தப் படிவத்தையும் அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் நிரப்புவார். நூலக அட்டைக்குக்கூட. விமானப் படிவத்துக்கும் அப்படியே செய்திருக்கிறார். உரிமத்தின் நகலை எடுத்து, அதில் இருந்த எடையை எழுதிவிட்டார். அவருக்கு நூற்று நாற்பத்தெட்டு, எனக்கு நூற்றுப் பன்னிரண்டு. நாங்கள் இளம் ஜோடியாக இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளின் எடை அது.

பிப்ரவரியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்த வார இறுதியில் கிளம்பினோம். பத்து மணி நேரக் கார்ப் பயணம். போகும் வழியில் சாப்பிட, போய்ச் சேர்ந்த பிறகு சாப்பிட, திரும்பும்போது சாப்பிட என்று புளிச்சோறு, தயிர்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், முறுக்கு, இரண்டு ப்ளாஸ்க். சாப்பாடு கெடாமல் வைக்கும் பெரிய ஐஸ் பை நிறைந்துவிட்டது. முன்சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, வாயில் உப்பு நார்த்தங்காயை அடக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தேன். சாயங்காலமே அந்த உருவம் இருக்கும் இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தோம். கம்பி வேலி போட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் தரை. அங்கங்கே கொஞ்சம் வெளுத்த கோடு. எது கை, எது கால் என்று ஒன்றும் பிடிபடவில்லை.

"இதுக்கா பத்து மணி நேரம் ட்ரைவ் பண்ணி வந்தோம்?" என்றார் குமார்.

"கீழ நின்னா இப்படித்தாங்க இருக்கும்" என்றேன். இதில் எனக்கு எவ்வளவு அனுபவம் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு விமானத் தளத்தில் இருந்தோம். தளம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஓடுபாதை, காற்றின் திசை காட்ட ஆடும் ஆரஞ்சுத் துணிக்குழாய். விமானி டயானுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நரைத்த முடியைப் பின்னிப் போட்டிருந்தார். கையில் காபிக் குவளை. எங்களையும் எங்கள் ஐஸ் பையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தன் தாளைப் பார்த்தார். மறுபடியும் குமாரைப் பார்த்தார். உள்ளே போய், குளியலறையில் வைக்கும் எடை மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து சிமென்ட் தரையில் வைத்தார்.

இந்த நாட்டில் என் எடையைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். யாழினி ஏறினாள், எழுதியது போலவே இருந்தது. நான் ஏறினேன், நூற்று ஐம்பத்து நான்கு. குமார் ஏறினார், நூற்றுத் தொண்ணூற்று ஒன்று. டயான் தாளையும் மெஷினையும் பார்த்துவிட்டு, இது யாருடைய எடை என்று தாளைக் காட்டிக் கேட்டார். குமார் மிகுந்த பணிவோடு பர்ஸைத் திறந்து தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார். மாநில அரசே அச்சடித்துக் கொடுத்த சான்றை அவர் ஏற்றுக்கொள்வார் என்று நம்பினார். டயான் அதை வாங்கிப் பார்த்து, "ஹாண்ட்ஸம் ஃபெலோ" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து நடந்ததை, சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு நின்ற எல்லாரும் கண்ணால் பார்த்தது போலவே புரிந்துகொள்வீர்கள். இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போனால் நாம் என்ன செய்வோம்? அதையேதான் குமாரும் செய்தார். ஷூவைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். ஜாக்கெட், சாவிக்கொத்து, பர்ஸ் எல்லாவற்றையும் ஐஸ் பைமேல் வைத்துவிட்டு மறுபடி ஏறினார். நூற்று எண்பத்தேழு. "இப்ப பரவால்லைங்களா?" என்று பதற்றத்தில் தமிழிலேயே கேட்டார். டயானுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கேள்வி தெரிந்துவிட்டது. விமானத்தில் எரிபொருள், தன் எடை, எங்கள் மூன்று பேர் எடை எல்லாம் சேர்த்து ஒரு வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டிக் கிளப்ப மாட்டேன் என்று நிதானமாகச் சொன்னார். சாப்பாட்டுப் பையை விட்டுவிட்டாலும் போதாது. ஒரு ஆள் இறங்க வேண்டும். இரண்டு நடையாகப் போகலாமா என்று கேட்டோம். பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும், இன்றைக்கு ஒரே நடைதான் என்றார்.

இங்கேதான் என் கதை இருக்கிறது. குமார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கெட்ட எண்ணமும் இல்லை. குனிந்து ஐஸ் பையைத் தூக்கினார், அதன் வாரை என் பக்கமாக நீட்டினார்.

"சுமதி, நீ இருந்துக்கறயா? உனக்குத்தான் ஒத்துக்காதே. நாங்க வீடியோ எடுத்துட்டு வந்தர்றோம்."

என் கை தானாக எழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், எழுந்தேவிட்டது. அந்த வாரின் கனம் எப்படி இருக்கும், அது தோளில் எந்த இடத்தில் உட்காரும் என்று என் கைக்கு மனப்பாடம். பாதி தூரம் போனபோதுதான், இது யார் பிறந்த நாள் என்று எனக்கு ஞாபகம் வந்தது. கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். சின்னப் பிள்ளை பிஸ்கட்டை ஒளிப்பது போல.

"இல்லீங்க" என்றேன். "இன்னைக்கு நீங்க பாத்துக்கங்க."

குமாரின் கை, பையோடு அந்தரத்தில் நின்றது. பெல்ட் இல்லாத பேன்ட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று பயந்துதான் பார்த்தேன். கோபம் இல்லை. தெரிந்த தெருவில் வழி தவறியவர் மாதிரி நின்றார்.

"அம்மா, ஐ கேன் ஸ்டே. ஐ டோன்ட் மைண்ட்" என்றாள் யாழினி.

"நீ வா" என்றேன். "நீதான் சொன்னே, வரைஞ்சவங்க பாக்கலைன்னு. நாம ரெண்டு பேரும் பாக்கலாம்." அப்புறம் குமாரைப் பார்த்து, என் தொழில் புத்தியும் சேர்ந்துகொள்ள, "எறங்கறதுன்னா அதிக எடை இருக்கறவங்க எறங்கறதுதான லாஜிக்?" என்றேன்.

அவர் மெஷினைப் பார்த்தார். "லாஜிக் சரிதான்" என்று சொல்லிப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

டயானுக்கு இதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் கண்டதெல்லாம், ஒரு கணவர் மனைவிக்கு இடம் கொடுத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொண்டதைத்தான். குமாரின் தோளைத் தட்டி, "யூ ஆர் எ ட்ரூ ஜென்டில்மேன்" என்றார். குமார் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அந்தப் பட்டத்தைத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். நான் திருத்தப் போகவில்லை.

குமட்டல் வருகிறவர்கள் முன்னால் உட்கார வேண்டும் என்று டயான் என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். காதில் பெரிய ஹெட்போன். முன்னால் முள் ஆடும் வட்ட மீட்டர்கள் எத்தனையோ. ஒரு காகிதப் பையை என் மடியில் வைத்து, வெட்கப்படாதே, எல்லாருக்கும் நடப்பதுதான் என்றார். வெட்கமா? மேட்டுப்பாளையத்திலிருந்து வால்பாறை வரை நான் அபிஷேகம் செய்யாத பாதை கிடையாது என்று அவருக்குச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. என்ஜின் உறுமியது. ஓடுபாதை பின்னால் ஓடியது. அப்புறம் சத்தம் மட்டும் இருந்தது, தரை இல்லை.

நான் கண்ணை மூடவில்லை. இதை எழுதும்போதும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்கிறது. கீழே ஆறு பச்சையாக வளைந்து போனது. ஆற்றை ஒட்டிச் சதுரம் சதுரமாக வயல்கள். சட்டென்று வயல் முடிந்து பழுப்பு மண் தொடங்கியது. நடுவில் ஒரு ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தீப்பெட்டியை விடச் சின்னதாகத்தான் இருந்தன. சங்ககிரியிலிருந்து இறங்கி வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அங்கேயிருந்தே ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன்.

டயான் விமானத்தை என் பக்கமாகச் சாய்த்து வளைத்தார். வானம் ஒரு பக்கம் போனது, பூமி ஒரு பக்கம் வந்தது, என் வயிறு மூன்றாவதாக ஒரு பக்கம் போனது. காகிதப் பையை எடுத்துக்கொண்டேன். காலையில் குடித்த காபியோடு நார்த்தங்காயும் போயிற்று. பின்னாலிருந்து யாழினி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்போனில் டயானின் குரல் கேட்டது. திரும்பிப் போய்விடலாமா?

வாயைத் துடைத்துக்கொண்டேன். "நோ. ஒன் மோர் ரவுண்ட், ப்ளீஸ்" என்றேன்.

டயான் உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு காதுக்குள் பெரிதாகக் கேட்டது. மறுபடியும் சாய்த்தார். இந்தத் தடவை ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தேன். இருந்தான்.

வேலிச் சதுரத்துக்குள், இரண்டு கைகளையும் விரித்து, கால்களை நீட்டி, வெயிலைப் பார்த்துப் படுத்திருந்தான். நேற்று எங்களுக்கு வெறும் வெளுத்த கோடாகத் தெரிந்தது ஒரு முழுக் கையாக இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு வேலிக்குள் நாலு கால் மிருகம் ஒன்று. எந்தக் காலத்திலோ யாரோ யோசனையில்லாமல் ஓட்டிப் போன வண்டித் தடங்கள் பக்கத்திலேயே கீறலாகத் தெரிந்தன. அவ்வளவு கீறலுக்கும் நடுவில் அவன் பாட்டுக்குக் கிடந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்தியா, சந்தோஷமா, வாந்தியெடுத்த களைப்பா என்றெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இது என் மூதாதை செய்ததில்லை. என் சாமியும் இல்லை. ஆற்றங்கரையில் இன்னமும் இருக்கும் அந்த மக்களின் சொத்து, நான் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியவள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் குனிந்து குனிந்து கல் ஒதுக்கியவர்களில் ஒருத்தியாவது நிமிர்ந்து மேலே பார்த்து, அங்கேயிருந்து இது எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் நினைத்திருப்பாள். அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. நல்லா வந்திருக்குது, கை ரெண்டும் ஒரே அளவா இருக்குது, கவலைப்படாதே.

மூன்று சுற்று சுற்றினோம். மூன்றாவது சுற்றில் என் வயிறும் சலித்துப்போய் அடங்கிவிட்டது. யாழினி படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, நீ பாத்தியா? கை பாத்தியா?" என்று கேட்டாள். முழுவதும் தமிழில் கேட்டாள். நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் நின்றுவிடும்.

கீழே இறங்கினோம். டயான் என் கையைப் பிடித்துக் குலுக்கி, வாந்தியெடுத்துவிட்டு இன்னொரு சுற்றுக் கேட்டவர்களை அதிகம் பார்த்ததில்லை என்றார். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய எவர்சில்வர் டம்ளருக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பரிசு இதுதான்.

குமார் கொட்டகையின் நிழலில், இரண்டு கால்களுக்கும் நடுவில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

சொன்னேன். ஆற்றைச் சொன்னேன், கையைச் சொன்னேன், வாந்தியையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு, "ப்ளேன் மேல போனதும் ஒரு மாதிரி ஆயிருச்சு சுமதி. சத்தம் கொறஞ்சு கொறஞ்சு அப்பறம் கேக்கவே இல்ல. நீங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கம் இருக்கீங்கன்னுகூடத் தெரியல. போனைப் பாத்தாலும் நேரம் போகல" என்றார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "இத்தனை வருஷமா இப்படித்தான் நின்னுட்டு இருந்தயா?"

பையைத் திறந்து மூன்று தட்டுகளில் புளிச்சோறு போட்டேன். டயானுக்கும் ஒரு தட்டு கொடுத்தோம். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு கனமான பையில் என்னதான் இருக்கிறது என்று காலையிலிருந்து யோசித்ததாகச் சொன்னார்.

திரும்பும் வழியில், ஐ-5 நெடுஞ்சாலையில், பாதாம் தோட்டங்கள் பூத்துக் கிடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். இங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தாராபுரத்தில் மறுநாள் காலை விடிந்திருக்கும். அக்காவுக்கு அந்தப் படங்களில் நன்றாக வந்த ஒன்றை அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். அக்காவுக்கு நான் நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கும் வரை பொறுமை இல்லை. பின்னணியில் குக்கர் விசில் அடித்தது.

"படம் வந்துருச்சு புள்ள. யாரோ மனுசன் கையை விரிச்சுட்டுப் படுத்திருக்கறான். சரி, இதுல நீ எங்க?"

"நான் இதுல இல்லக்கா. மேல ப்ளேன்ல இருந்தேன்."

"அப்ப உன்னயக் காணோமே" என்றாள் அக்கா, குறையோடு.

நான் போனைக் காதிலிருந்து எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரித்த கையின் விரலுக்குச் சற்றுத் தள்ளி, வேலிக்கு உள்ளே, வெளிர் மண்ணில் எறும்பளவு கறுப்பாக ஒன்று இருந்தது. இரண்டு சிறகும் ஒரு வாலும். எங்கள் விமானத்தின் நிழல். நான் கால் வைக்கக் கூடாத மண்ணில், அனுமதி கேட்காமல், ஒரு நொடி படுத்திருந்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். தாராபுரத்தில் ஒருத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"அந்தக் கைக்குப் பக்கத்துல பாருக்கா" என்றேன். "ஒரு கறுப்புப் புள்ளி தெரியுதா? அதுதான் நான்."